சாய்வுப் பட்டியில் உருட்டிய குண்டு: 40 சதவீத ஆற்றல் எங்கே போகிறது?

செங்காந்தள் கேட்டது:

9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆற்றல் அழிவின்மை விதியை எண்களோடு காட்ட ஒரு சோதனை அமைத்திருக்கிறோம். கணக்கும் அளவும் ஒட்டவே இல்லை. வித்தியாசம் சின்னதாக இருந்தால் உராய்வு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். இது அப்படி விடக்கூடிய அளவில் இல்லை.

அமைப்பு இது. வயரிங்குக்குப் போடும் பிவிசி கேசிங் பட்டி, மேல்மூடி இல்லாமல். உள் அகலம் 15 மி.மீ. சாய்வுப் பகுதி 80 செ.மீ. நீளம். அதன் கீழ்முனை மெதுவாக வளைந்து, 10 செ.மீ. கிடைமட்டமாக ஓடி, மேசை விளிம்பில் முடிகிறது. குண்டை விடும் இடம் கிடைமட்டப் பகுதியைவிட 20 செ.மீ. உயரம். விளிம்பைத் தாண்டிய குண்டு 75 செ.மீ. கீழே தரையில் விழுகிறது. தரையில் வெள்ளைத்தாள், அதன்மேல் கார்பன் தாள்.

கணக்குப்படி மேசை விளிம்பில் வேகம் √(2 × 9.8 × 0.20) = 1.98 மீ/வி இருக்க வேண்டும். 75 செ.மீ. விழ 0.391 வினாடி ஆகும். ஆகவே விளிம்புக்கு நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 77.4 செ.மீ. தள்ளி விழ வேண்டும்.

25.4 மி.மீ. விட்டமுள்ள எஃகு பேரிங் குண்டு (67 கிராம்) சராசரியாக 60.2 செ.மீ. தள்ளித்தான் விழுகிறது. அதாவது வேகம் 1.54 மீ/வி. தொடக்கத்தில் நிலை ஆற்றல் 0.131 ஜூல், கடைசியில் இயக்க ஆற்றல் 0.079 ஜூல். கிட்டத்தட்ட 40 சதவீதம் காணோம்.

16 மி.மீ. கண்ணாடிக் கோலி இன்னும் மோசம்: 36.6 செ.மீ. மட்டுமே. முக்கால் பங்குக்கு மேல் காணோம்! எடை குறைந்தால் உராய்வு விசையும் குறையத்தானே வேண்டும்? பிறகு ஏன் கோலிக்கு இழப்பு அதிகம்? கண்காட்சி அட்டையில் "உராய்வினால் இழப்பு 40%" என்று எழுத மனம் வரவில்லை.

குண்டூசி:

உராய்வுதான் மேடம், வேறென்ன இருக்கப்போகிறது. பிவிசி பட்டியின் விளிம்பு அவ்வளவு வழவழப்பாக இருக்காது. காற்றுத் தடையும் சேரும். கோலி லேசானது, அதனால் காற்று அதை அதிகமாகப் பாதிக்கும். பட்டியில் டால்கம் பவுடரோ மெழுகோ தடவி விட்டுப் பாருங்கள், தூரம் கூடும். இன்னொன்று: உயரத்தை 5, 10, 15, 20 செ.மீ. என்று மாற்றி எடுத்துப் பாருங்கள். எல்லா உயரத்திலும் அதே 40 சதவீதம் குறைந்தால் உராய்வு என்று முடிவு கட்டிவிடலாம்.

அச்சாணி:

மேடம், உங்கள் அளவுகள் நன்றாகவே இருக்கின்றன. குறை கணக்கில்தான். ஆற்றல் ஏறக்குறைய முழுதும் குண்டுக்குள்ளேயே இருக்கிறது, சுழற்சியாக.

முதலில் காற்றை ஒதுக்கிவிடுவோம். 25 மி.மீ. குண்டு 1.5 மீ/வி வேகத்தில் போகும்போது காற்றின் இழுவிசை சுமார் 0.0003 நியூட்டன். வழி முழுவதற்கும் சேர்த்தால் அது தின்பது மொத்த ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 சதவீதத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

இனி உராய்வு. சறுக்கும் பொருளில் உராய்வு ஆற்றலை வெப்பமாக்கும். நழுவாமல் உருளும் குண்டில், பட்டியைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவற்று இருக்கிறது. அங்கே செயல்படுவது நிலை உராய்வு. தொடுபுள்ளி நகராததால் வெப்பம் உண்டாவதில்லை. அந்த உராய்வு குண்டைத் திருப்புகிறது, அவ்வளவுதான். ஆகவே கீழே வரும்போது குண்டிடம் இரண்டு வகை இயக்க ஆற்றல் இருக்கிறது: முன்னோக்கி நகர்வதால் ஒன்று, தன்னைத்தானே சுற்றுவதால் இன்னொன்று. கார்பன் தாள் முதலாவதை மட்டும்தான் காட்டும்.

திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்றும்போது பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவு) 2/5 × நிறை × ஆரத்தின் வர்க்கம். தட்டைப் பலகையில் உருண்டால் நகர்வு ஆற்றல் 5 பங்கு, சுழற்சி ஆற்றல் 2 பங்கு. அதாவது 28.6 சதவீதம் சுழற்சிக்குப் போய்விடும். 20 செ.மீ. உயரத்துக்கு வேகம் 1.67 மீ/வி, விழும் தூரம் 65.5 செ.மீ. இதில் குண்டின் நிறையும் வரவில்லை, ஆரமும் வரவில்லை.

ஆனால் உங்களுடையது தட்டைப் பலகை இல்லை, பட்டி. குண்டு பட்டியின் அடியைத் தொடாமல் இரண்டு விளிம்புகளின்மேல் உட்கார்ந்து உருள்கிறது. அதனால் உருளும் ஆரம் குண்டின் ஆரம் அல்ல. அச்சிலிருந்து விளிம்புக் கோடு வரையுள்ள செங்குத்துத் தூரம்தான் உருளும் ஆரம். பித்தாகரஸ் போதும்: உருளும் ஆரத்தின் வர்க்கம் = குண்டின் ஆரத்தின் வர்க்கம் − பட்டியின் அரை அகலத்தின் வர்க்கம்.

எஃகு குண்டுக்கு 12.7² − 7.5² = 161.3 − 56.3 = 105.0. உருளும் ஆரம் 10.25 மி.மீ. இதே தூரம் போக அது இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். நகர்வு ஆற்றல் ஒரு பங்கு என்றால் சுழற்சி ஆற்றல் 0.4 × 161.3 ÷ 105.0 = 0.614 பங்கு. மொத்தத்தில் சுழற்சியின் பங்கு 38 சதவீதம். எதிர்பார்க்கும் வேகம் 1.56 மீ/வி, தூரம் 61.0 செ.மீ. நீங்கள் அளந்தது 60.2.

கோலிக்கு 8² − 7.5² = 64 − 56.25 = 7.75. உருளும் ஆரம் வெறும் 2.78 மி.மீ. கோலி பட்டிக்குள் மூன்றில் ஒரு பங்கு இறங்கி, கிட்டத்தட்ட இடுப்பில் தொங்கிக்கொண்டு உருள்கிறது. நகர்வு ஆற்றல் ஒரு பங்குக்குச் சுழற்சி 3.30 பங்கு. மொத்தத்தில் 77 சதவீதம் சுழற்சியில். எதிர்பார்க்கும் தூரம் 37.3 செ.மீ., உங்கள் அளவு 36.6. கோலி லேசாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 15 மி.மீ. பட்டிக்கு 16 மி.மீ. கோலியை எடுத்ததுதான் காரணம்.

குண்டூசி சொன்ன இரண்டு யோசனைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பவுடரோ மெழுகோ போட்டால் தூரம் கூடக்கூடும், உண்மை. குண்டு நழுவ ஆரம்பித்து, சுற்றுவது குறைந்து, முன்னோக்கிய வேகம் கூடும். "பார்த்தீர்களா, உராய்வைக் குறைத்ததும் ஆற்றல் திரும்பிவிட்டது" என்று அதைத் தப்பாகப் படிக்க வாய்ப்பு நிறைய. உண்மையில் நழுவும்போதுதான் வெப்பமாக இழப்பு தொடங்குகிறது.

உயரத்தை மாற்றுவதும் தீர்ப்பு சொல்லாது. ஒரே சாய்வில் உயரத்தைப் பாதியாக்கினால் ஓடும் தூரமும் பாதியாகிறது. ஆகவே உராய்வு இழப்பும் மாறாத சதவீதம்தான் காட்டும், சுழற்சியும் மாறாத சதவீதம்தான் காட்டும். இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் உயரத்தை 20 செ.மீ.யிலேயே வைத்துக்கொண்டு சாய்வின் நீளத்தை மாற்றுங்கள். 80 செ.மீ. சாய்வில் 40 சதவீதத்தையும் உராய்வுதான் தின்கிறது என்றால் 120 செ.மீ. சாய்வில் 60 சதவீதம் தின்ன வேண்டும், குண்டு 49 செ.மீ.யில் விழ வேண்டும். சுழற்சி என்றால் தூரம் 60ஐ ஒட்டியே நிற்கும்.

நிறைகோல்:

அச்சாணி சொன்னது சரி. அதை எண்ணில் நிரூபிக்க அளவெடுப்பில் சில இடங்களைக் கவனிக்க வேண்டும். கண்காட்சியில் நடுவர் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

பட்டியின் அகலத்தை ஸ்கேலால் அளக்காதீர்கள். பிவிசி விளிம்பு சற்று உருண்டையாக இருக்கும், குண்டு எந்த இடத்தைத் தொடுகிறது என்று வெர்னியர் வைத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 0.5 மி.மீ. பிசகினால் எஃகு குண்டின் சுழற்சிப் பங்கு 38இலிருந்து 39க்குப் போகும். பரவாயில்லை. கோலியில் 0.2 மி.மீ. பிசகினாலே 77 என்பது 73.5 ஆகிவிடும். அதனால்தான் கோலியை வைத்து எண்ணிக்கை முடிவு சொல்லக் கூடாது என்பேன். வேடிக்கை காட்ட நல்லது.

அகலத்தை விட்டுவிட்டு உருளும் ஆரத்தை நேரடியாகவே அளக்கலாம். குண்டின் மேல்பக்கம் பர்மனென்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். கிடைமட்டமாக வைத்த பட்டியில் குண்டை விரலால் மெதுவாக உருட்டி, புள்ளி மறுபடி உச்சிக்கு வரும்வரை நகர்ந்த தூரத்தை அளவுங்கள். 5 சுற்றுக்கு அளந்து 5ஆல் வகுத்தால் இன்னும் நல்லது. தட்டை மேசையில் உங்கள் எஃகு குண்டு ஒரு சுற்றுக்கு 80 மி.மீ. நகரும். பட்டியில் 64 மி.மீ.தான் நகரும். கோலி மேசையில் 50 மி.மீ., பட்டியில் வெறும் 17 அல்லது 18 மி.மீ. இந்த இரண்டு தூரங்களின் விகிதத்தை வர்க்கப்படுத்தி 0.4ஆல் பெருக்கினால் அச்சாணி சொன்ன 0.614 வந்துவிடும். வெர்னியரும் வேண்டாம், பித்தாகரஸும் வேண்டாம்.

பட்டியின் கடைசி 10 செ.மீ. உண்மையிலேயே கிடைமட்டமா என்று பாருங்கள். ரசமட்டம் வைக்கலாம். அல்லது அந்தப் பகுதியில் குண்டை வைத்துக் கையை எடுங்கள், எந்தப் பக்கமும் உருளாமல் நிற்க வேண்டும். முனை 2 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் விழும் தூரம் ஏறக்குறைய 9 மி.மீ. குறையும். அளந்ததற்கும் கணக்குக்கும் உங்களிடம் இருக்கும் வித்தியாசமே 8 மி.மீ.தான்.

சாய்வும் கிடைமட்டமும் சேரும் இடம் முறிந்த கோணமாக இருக்கக் கூடாது. குண்டு அங்கே மோதித் துள்ளும், ஆற்றல் உண்மையிலேயே போகும். 20, 25 செ.மீ. நீளத்துக்கு வளைவைப் பரப்பிவிடுங்கள். பட்டியின் அடியில் மரச்சட்டமோ கனமான அட்டையோ முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாத பிவிசி, குண்டு ஓடும்போது தொய்ந்து அதிரும், அதுவும் இழப்புதான்.

20 செ.மீ. உயரம் என்பதைப் பட்டியின் விளிம்புக்கு எடுத்தீர்களா, குண்டுக்கு எடுத்தீர்களா? குண்டின் மையம் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. எளிய வழி: விடும் இடத்தில் குண்டின் உச்சி தரையிலிருந்து எவ்வளவு உயரம், கிடைமட்டப் பகுதியில் எவ்வளவு உயரம், இரண்டையும் கழியுங்கள். விழும் உயரம் குண்டின் அடிப்பகுதியிலிருந்து தரைவரை. எஃகு குண்டு பட்டியின் விளிம்பைவிட இரண்டரை மி.மீ. கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விடும்போது விரலால் பிடித்து விட்டால் தெரியாமலே ஒரு தள்ளலோ சுற்றோ சேரும். ஸ்கேலைக் குறுக்கே வைத்துத் தடுத்து, அதைச் சாய்வின் திசையிலேயே சட்டென்று முன்னால் இழுத்து எடுங்கள். விளிம்புக்கு நேர்கீழ்ப் புள்ளியைத் தூக்குக்குண்டு கட்டிக் குறியுங்கள், மேசைக்காலை நம்ப வேண்டாம். கார்பன் தாளில் இரண்டாவது துள்ளலும் பதியும், முதல் தடம்தான் அழுத்தமாக இருக்கும். 10 முறை விட்டு எல்லாத் தடங்களும் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். சிதறல் அரை செ.மீ. என்றால் வேகத்தில் 0.8 சதவீதம், ஆற்றலில் 1.6 சதவீதம் ஐயம். உங்கள் எஃகு குண்டில் சுழற்சியைக் கழித்தபின் மிஞ்சுவதே ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். ஆக அதை "உருளும் உராய்வு" என்று அட்டையில் உறுதியாக எழுத அந்த அளவெடுப்பு மட்டும் போதாது. வேண்டுமானால் தனியாகச் சோதியுங்கள்: பட்டியின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, லேசாகத் தட்டிவிட்ட குண்டு வேகம் கூடாமல் குறையாமல் போகும் சாய்வைக் கண்டுபிடியுங்கள். 1 மீட்டருக்கு 3 மி.மீ. என்று வந்தால் உங்கள் ஒன்றரை சதவீதத்துக்கு அது பொருந்தும்.

குண்டூசி:

அப்படியானால் ஒரு கேள்வி. உராய்வே இல்லாத பட்டியில் குண்டு 77 செ.மீ. போகும், உராய்வு இருந்தால் 61 செ.மீ. போகும் என்கிறீர்கள். ஆக உராய்வு விசை வேகத்தைக் குறைக்கத்தானே செய்கிறது? பிறகு உராய்வு ஆற்றலை எடுக்கவில்லை என்பது எப்படி?

அச்சாணி:

நல்ல கேள்வி. விசைக் கணக்கையும் ஆற்றல் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெளிந்துவிடும்.

எஃகு குண்டின் எடை 0.657 நியூட்டன். 80 செ.மீ.க்கு 20 செ.மீ. சாய்வு என்றால் சாய்வின் வழியே இழுக்கும் கூறு அதில் கால் பங்கு, 0.164 நியூட்டன். உருள வைக்கும் நிலை உராய்வு சாய்வில் மேல்நோக்கிச் செயல்படுகிறது, அதன் அளவு 0.0625 நியூட்டன். மிச்சம் 0.102 நியூட்டன், அதை 0.067 கிலோகிராமால் வகுத்தால் முடுக்கம் 1.52 மீ/வி². உராய்வு இல்லாவிட்டால் 2.45 இருந்திருக்கும். 80 செ.மீ. இறங்க 1.03 வினாடி ஆகிறது, உராய்வு இல்லையென்றால் 0.81. ஆகவே உராய்வு முடுக்கத்தைக் குறைக்கிறது என்பதில் ஐயமே இல்லை.

இனி 0.0625 நியூட்டனை 0.80 மீட்டரால் பெருக்குங்கள்: 0.050 ஜூல். நகர்வு இயக்கத்திலிருந்து இவ்வளவு குறைந்திருக்கிறது. இப்போது சுழற்சி ஆற்றலைத் தனியாகக் கணக்கிடுங்கள்: 0.131இல் 38 சதவீதம், அதே 0.050 ஜூல். அந்த விசை நகர்விலிருந்து எடுத்ததைத் திருப்புவிசையாகச் சுழற்சிக்குக் கொடுத்துவிட்டது. கைமாறியது, வெளியே போகவில்லை. சாதாரண உராய்வுக் கணக்கில் எடுத்தது வெப்பமாகி வெளியே போய்விடும். வித்தியாசம் அங்கேதான்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. சாய்வு கூடக்கூட உருட்டத் தேவையான உராய்வும் கூடும். தட்டைப் பலகையில் திண்மக் கோளம் நழுவாமல் உருள, நிலை உராய்வுக் குணகம் (இரு பரப்புகளின் பிடிப்பைக் காட்டும் எண்) சாய்வுக் கோணத்தின் டேஞ்சென்ட்டில் 2/7 பங்காவது இருக்க வேண்டும். 15 டிகிரிக்கு 0.08 போதும், 30 டிகிரிக்கு 0.17, 45 டிகிரிக்கு 0.29. பாலிஷ் போட்ட எஃகும் வழவழப்பான பிளாஸ்டிக்கும் 45 டிகிரியில் பாதி உருண்டு பாதி நழுவும் நிலைக்கு எளிதாக வந்துவிடும். அங்கே மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. 20 டிகிரிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. உங்களுடையது 14.5, சரியாக இருக்கிறது.

செங்காந்தள்:

மிக்க நன்றி. ஒரு சுற்றுக்கு நகரும் தூரத்தை அளந்தோம்: எஃகு குண்டு பட்டியில் 64 மி.மீ., மேசையில் 80 மி.மீ. அப்படியே வருகிறது.

இப்போது கஷ்டம் வேறு. நிலைமத் திருப்புத்திறன் 11ஆம் வகுப்பில்தான் வருகிறது. 9ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் "மீதி ஆற்றல் சுழற்சியில் இருக்கிறது" என்று வாயால் சொன்னால், "இழப்பு உராய்வில்" என்று சொன்னதுபோலத்தான் ஆகும், நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். சூத்திரம் இல்லாமல் கண்ணுக்குக் காட்ட வழி உண்டா? பொம்மைக் கார் வைத்தால் இந்தத் தொல்லை இருக்காதோ?

அச்சாணி:

உண்டு. இதற்குக் கோலிதான் சரியான ஆள்.

பட்டியின் முனையை மேசை விளிம்பில் வைக்காமல் மேசையின் நடுவில் வையுங்கள். பட்டி முடிந்ததும் கோலி தட்டை மேசையில் இறங்கி ஓட வேண்டும். இறங்கும் இடத்தில் துள்ளாமல் இருக்க, பட்டியின் முடிவில் கோலியின் அடிப்பாகம் மேசையை ஏறக்குறைய தொடும்படி செய்யுங்கள். பட்டியின் அடித்தகடு தடையாக இருந்தால் கடைசி 3 செ.மீ.க்கு அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு விளிம்புகளை மட்டும் விடலாம். இப்போது உருட்டுங்கள். பட்டியில் மெதுவாக வந்த கோலி மேசையைத் தொட்டதும், யாரும் தள்ளாமலே, சட்டென்று வேகம் பிடித்து ஓடும்.

காரணம்: பட்டியில் கோலி 0.94 மீ/வி வேகத்தில் வரும்போது வினாடிக்கு 50க்கு மேற்பட்ட சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. மேசையில் அதே வேகத்துக்கு 19 சுற்று போதும். மிகுதிச் சுற்று மேசையைப் பின்னோக்கி உதைக்கிறது, மேசை கோலியை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. சுற்றும் நகர்வும் சமன்படும்போது வேகம் கணக்குப்படி 1.44 மீ/வி, பட்டியில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு. மர மேசையில் முதல் 30 செ.மீ. அளவுக்குள்ளேயே இது முடிந்துவிடும். கண்ணாடி மேசையில் நழுவல் நீளும், மாற்றம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. மேசைமேல் துணியோ தடித்த சார்ட் தாளோ விரித்தால் நன்றாகத் தெரியும். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து, மேசையில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு வைத்தால் வேகம் கூடுவதைப் பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள்.

ஆற்றல் உராய்வில் தொலைந்திருந்தால் அது திரும்பி வந்து கோலியை வேகப்படுத்த முடியாது. இந்த ஒரு காட்சி போதும். (நழுவும் அந்த 30 செ.மீ.யில் ஒரு பகுதி வெப்பமாகப் போவதும் உண்மை. முழுதும் திரும்பி வராது. கேட்கும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.)

எஃகு குண்டில் இதே சோதனை அவ்வளவு சுவையாக இருக்காது. 1.54 என்பது 1.64 ஆகும், கண்ணுக்குத் தெரியாது.

எண்ணோடு காட்ட விரும்பினால் பட்டியின் அகலத்தை மட்டும் மாற்றுங்கள். அதே எஃகு குண்டு, அதே 20 செ.மீ. உயரம். 15 மி.மீ. பட்டியில் 61 செ.மீ., 20 மி.மீ. பட்டியில் 54 செ.மீ., தட்டைப் பலகையில் 65.5 செ.மீ. என்று வர வேண்டும். தட்டைப் பலகையில் குண்டு பக்கவாட்டில் ஓடாமல் இருக்க ஓரத்தில் ஒரு சட்டம் வைப்பார்கள். அது குண்டை உரசும், அளவு கெடும். பலகையைப் பக்கவாட்டில் துல்லியமாக மட்டம் பார்த்துச் சட்டம் இல்லாமல் விடுவதே மேல். 20 மி.மீ. பட்டியில் குண்டு இன்னும் ஆழமாக, ஐந்து மி.மீ. அளவு இறங்கும், பட்டியின் அடியைத் தொடாத ஆழம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பந்தயமும் நடத்தலாம். 120 செ.மீ. பலகையை ஒரு முனையில் 10 செ.மீ. உயர்த்தி, கோலி, திண்ம உலோக உருளை, உலோக வளையல் மூன்றையும் ஒன்றாக விடுங்கள். கோலி 2.03 வினாடி, உருளை 2.10, வளையல் 2.42. கோலி முதல், வளையல் கடைசி, எத்தனை முறை விட்டாலும். வளையல் கனமானதா லேசானதா, பெரியதா சிறியதா என்பதெல்லாம் முடிவை மாற்றாது. நிறை முழுதும் விளிம்பில் இருப்பதால் அதன் ஆற்றலில் சரிபாதி சுழற்சிக்குப் போகிறது. கோலிக்கும் உருளைக்கும் வித்தியாசம் 0.07 வினாடிதான் என்பதால் ஸ்டாப்வாட்ச் வேண்டாம், கீழ்முனையில் யார் முதலில் தட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும். வழவழப்பான கண்ணாடிப் பாட்டிலில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி உருட்டினால் அது திண்ம உருளையை முந்தும், ஏனென்றால் பாட்டில் சுற்றினாலும் உள்ளே தண்ணீர் பெரிதாகச் சுற்றுவதில்லை. பாதி நிரப்பினால் தண்ணீர் அலைமோதி முடிவு கெட்டுவிடும்.

பக்கத்தில் ஒரு செய்தி. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் விவரித்த சோதனையும் இதே வகைதான்: சுமார் 12 முழ நீள மரச்சட்டம், அதில் விரலகலத்துக்குச் சற்று அதிகமான பள்ளம், உள்ளே வழவழப்பான தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்தைப் பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு அளந்தார். சுழற்சி அவருடைய முடிவைக் கெடுக்கவில்லை. தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்பதற்கு முடுக்கம் மாறாமல் இருந்தால் போதும். சுழற்சி முடுக்கத்தைக் குறைக்கிறதே தவிர அதை மாறவிடுவதில்லை. ஆனால் அதே சட்டத்திலிருந்து தடையின்றி விழும் பொருளின் முடுக்கத்தை யாராவது கணக்கிட்டால், உருளலுக்கான திருத்தம் போடாமல் சரியான விடை வராது. இணையத்தில் "சாய்தளத்தில் 9.8 கண்டுபிடிப்போம்" என்று சுற்றும் பள்ளிச் சோதனைகள் பலவற்றில் 7 என்று விடை வந்து, அதை உராய்வு என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 9.8இல் 5/7 பங்கு சரியாக 7.0.

நிறைகோல்:

பொம்மைக் கார் பற்றி: சக்கரங்கள் மொத்த நிறையில் சிறு பங்கு என்றால் சுழற்சிப் பங்கு ஓரிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் கடைப் பொம்மைகளின் அச்சு பிளாஸ்டிக் ஓட்டையில் உரசிச் சுற்றுவது. அங்கே போவது உண்மையான இழப்பு, அதுவும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒவ்வொரு அளவு. ஒரு தொல்லையைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்குவதுபோல் ஆகும்.

உருளலே இல்லாத ஒப்பீடு வேண்டுமானால் ஊசல் நல்லது. அதே எஃகு குண்டை 60 செ.மீ. தையல் நூலில் தொங்கவிடுங்கள். குண்டில் முடிச்சுப் போட முடியாது, சின்ன வளையம் ஒன்றை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டி, ஒரு இரவு விடவும். ஊசல் தொங்கும் கீழ்ப்புள்ளியில், குண்டுக்கு 2 செ.மீ. மேலே, புதிய சவர பிளேடு ஒன்றை ஸ்டாண்டின் கவ்வியில் கிடைமட்டமாகப் பிடித்து வையுங்கள். பிளேடின் முனை நூலுக்குச் சற்றுச் சாய்வாக இருந்தால் வெட்டு சுத்தமாக விழும். குண்டை 20 செ.மீ. உயரத்துக்கு இழுத்து விட்டால் கீழ்ப்புள்ளியில் நூல் அறுந்து, குண்டு கிடைமட்டமாகப் பாயும். கீழ்ப்புள்ளியில் நூலின் இழுவிசை 1.1 நியூட்டன்தான், சாதாரண பருத்தி நூல் தாங்கும். அறுபடும் இடத்திலிருந்து குண்டின் அடி தரைக்கு 75 செ.மீ. இருக்கும்படி அமைத்தால் 77 செ.மீ. ஒட்டி விழ வேண்டும். பிளேடு மொக்கையானால் நூல் தயங்கி அறும், தூரம் குறையும். தூரம் ஒரேயடியாக 2, 3 செ.மீ. இறங்கினால் பிளேடை மாற்றுங்கள். பிளேடு பொருத்துவதும் கழற்றுவதும் ஆசிரியர் கையால் மட்டும். வெட்டும் தளத்துக்கு நேரே எந்தப் பிள்ளையும் நிற்க வேண்டாம்.

அட்டையில் ஒரே உயரம், மூன்று வரிசை போதும்: ஊசல் 77, தட்டைப் பலகை 65.5, பட்டி 61 என்று கணக்கு ஒரு பக்கம், நீங்கள் அளந்தது சிதறலோடு மறுபக்கம். "இழப்பு" என்ற தலைப்பில் ஒரு பத்தி போடாதீர்கள், "நகர்வு", "சுழற்சி", "கணக்கில் வராதது" என்று மூன்று பத்தி போடுங்கள். எஃகு குண்டுக்கு அது 0.079, 0.050, 0.002 ஜூல் என்று வரும். கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் ± 0.002 என்று எழுத மறக்க வேண்டாம்.

குண்டூசி:

பந்தயத்துக்கு இன்னொரு ஆள்: பழைய டார்ச் செல். உள்ளே நிறை சீராகப் பரவியிருக்காது, அதனால் கோலிக்கும் வளையலுக்கும் நடுவில் எங்கேயோ வரும். எங்கே என்று பிள்ளைகளை முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லுங்கள். உப்பி ஒழுகிய செல்லை மட்டும் எடுக்காதீர்கள், உருளாது, கையும் அரிக்கும்.